இறால் ஓடு போட்டால் போர் தண்ணீர் சுத்தமாகுமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் வேறு ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, இறால் ஓட்டிலிருந்து எடுக்கிற கைட்டோசான் என்ற பொருள் தண்ணீரில் இருக்கும் சாயத்தையும் குரோமியத்தையும் பிடித்துக்கொள்ளும் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதினேன். தோல் பதனிடும் டேனரிகள் நிறைந்த நம்ம ஊர்க்காரர்களிடம் குரோமியம் என்று சொல்லிவிட்டுச் சும்மா போக முடியுமா? ராணிப்பேட்டையிலிருந்து திருப்பத்தூர் வரை கடிதங்கள். அதனால் இந்த இதழ் முழுக்க இறால் ஓடுதான்.

எங்கள் வீடு சிப்காட் பக்கம். போர் தண்ணீர் லேசான மஞ்சளாக வருகிறது. இறால் ஓடு மீன் கடையில் சும்மாவே தருகிறார்கள். காயவைத்து, பொடித்து, துணியில் முடிந்து தொட்டியில் போட்டால் போதுமா?
– ஒரு வாசகர், ராணிப்பேட்டை

போதாது. போடவும் போடாதீர்கள். காய்ந்த இறால் ஓட்டில் கைட்டின் என்ற சரக்கு கால் பங்கு இருந்தாலே பெரிசு. மீதி எல்லாம் புரதமும் சுண்ணாம்புச் சத்தும்தான். அந்தப் புரதம் தொட்டித் தண்ணீரில் ஊறினால் இரண்டு நாளில் வீடே நாறும், கிருமி பெருகும், அப்புறம் மஞ்சளோடு சேர்த்து நாற்றத்துக்கும் வைத்தியம் தேட வேண்டியிருக்கும். நான் சொன்ன கைட்டோசான், அந்த ஓட்டை அமிலத்திலும் காரத்திலும் போட்டுப் புரதத்தையும் சுண்ணாம்பையும் நீக்கி, மிச்சமுள்ள கைட்டினை இன்னொரு முறை கடுங்காரத்தில் வேகவைத்து எடுப்பது. ஓடு வேறு, அது வேறு.

அதைவிட முக்கியம், அந்த மஞ்சள் என்ன மஞ்சள் என்று முதலில் பாருங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து ஒரு ராத்திரி வையுங்கள். அடியில் பழுப்பாகப் படிந்தால் பெரும்பாலும் இரும்பு. படியாமல், தண்ணீர் தெளிவாகவே இருந்து எலுமிச்சை மஞ்சளாக நின்றால் ஆறு இணைதிறன் குரோமியமாக இருக்கலாம், அதுவும் உங்கள் பக்கம் என்றால் சந்தேகப்படத்தான் வேண்டும். சிப்காட் பகுதியில் மூடிக் கிடக்கும் குரோமேட் தொழிற்சாலையின் கழிவு மேடு ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல் என்பது ஊரறிந்த விஷயம், மழை பெய்தால் அதிலிருந்து கரைந்து இறங்குவது இந்த ஆறு இணைதிறன் வகைதான். டேனரியில் தோலுக்குப் போடுகிற குரோமியம் மூன்று இணைதிறன் வகை, அது சாதாரணத் தண்ணீரில் கரையாமல் படிந்துவிடும் சுபாவம் கொண்டது. ஆறு இணைதிறன் வகை அப்படியில்லை. கரைந்து நிலத்தடியில் தூரம் போகும், புற்றுநோயை உண்டாக்கும் என்று நிரூபிக்கப்பட்டதும் அதுதான். கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் ஆவியாகி இன்னும் கெட்டியாகத்தான் ஆகும்.

கைட்டோசான் இந்த ஆறு இணைதிறனைப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் தண்ணீர் நன்றாகப் புளித்திருக்க வேண்டும், அதாவது பிஎச் மூன்று, நான்கு என்ற அளவில். அப்போதுதான் கைட்டோசானில் உள்ள அமீன் தொகுதிகள் நேர்மின்னூட்டம் பெற்று, எதிர்மின்னூட்டம் உள்ள குரோமேட்டை இழுக்கும். உங்கள் போர் தண்ணீர் பிஎச் ஏழுக்கு மேலே இருக்கும், போதாக்குறைக்கு சல்பேட், குளோரைடு, பைகார்பனேட் எல்லாம் அதே இடத்துக்குப் போட்டிக்கு வரும். ஆய்வகத்தில் குரோமேட்டை மட்டும் வடித்த நீரில் கரைத்து எடுத்த அளவை நம்பி வீட்டுத் தொட்டியில் இறங்க முடியாது.

செய்ய வேண்டியது: குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் மாதிரி கொடுத்து மொத்தக் குரோமியம் பார்க்கச் சொல்லுங்கள். குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அறிக்கை வரும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம்.

எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகள் கண்காட்சிக்கு இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான் தயாரித்துக் காட்டலாமா என்று கேட்கிறார்கள்.
– ஓர் ஆசிரியை, காட்பாடி

அம்மா, தயாரிப்பு வேண்டாம். கடைசிக் கட்டத்தில் நூற்றுக்கு நாற்பது, ஐம்பது பங்கு காஸ்டிக் சோடா கரைசலை நூறு டிகிரி சூட்டில் வைத்திருக்க வேண்டும். கண்ணில் ஒரு துளி பட்டால் பார்வை போய்விடும். எட்டாம் வகுப்பு என்ன, கல்லூரி ஆய்வகத்திலேயே பயந்து பயந்து செய்கிற வேலை அது.

ஆனால் பாதிக் கதையை ஆபத்தில்லாமல் காட்டலாம். கழுவிய இறால் ஓட்டைச் சமையலுக்கு வாங்கும் வினிகரில் போடுங்கள். குமிழி வரும், அது ஓட்டில் இருக்கும் கால்சியம் கார்பனேட் கரைந்து கரியமில வாயுவாகப் போவது. ஒரு நாள் விட்டு எடுத்தால் மொறுமொறுப்பெல்லாம் போய் ஓடு துவண்டு கண்ணாடித்தாள் மாதிரி ஆகியிருக்கும். நண்டு ஓடு கிடைத்தால் இன்னும் பளிச்சென்று தெரியும், அதில் சுண்ணாம்பு அதிகம்.

இரண்டாவது பரிசோதனைக்குக் கைட்டோசான் பொடியைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், ஆய்வகப் பொருள் விற்பவர்களிடமும் செடிகளுக்கான மருந்துக் கடைகளிலும் கிடைக்கும். அது வெறும் தண்ணீரில் கரையாது, வினிகரில் கரையும், வழவழவென்று கஞ்சி போல வரும். ஏரிக் கலங்கல் தண்ணீரை இரண்டு பாட்டிலில் எடுத்து, ஒன்றில் மட்டும் அந்தக் கஞ்சியில் சில துளிகள் விட்டு மெதுவாகக் கலக்கச் சொல்லுங்கள். களிமண் துகள்களுக்கு எதிர்மின்னூட்டம், கைட்டோசானுக்கு நேர்மின்னூட்டம், இரண்டும் ஒட்டிக்கொண்டு திரளும், திரண்டது கனத்து அடியில் உட்காரும். நம் பாட்டிமார் பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை இழைத்துத் தண்ணீர் ஊற்றினார்களே, ஏறக்குறைய அதே வேலைதான். பிள்ளைகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பரிசு நிச்சயம். ஒன்று கவனம், அதிகம் விட்டால் துகள் முழுக்க நேர்மின்னூட்டம் மூடி மறுபடி ஒன்றையொன்று தள்ளி, தண்ணீர் மீண்டும் கலங்கும். அதையும் மூன்றாவது பாட்டிலாக வைக்கலாம், அதுதான் நல்ல பாடம்.

கொஞ்சம் வரலாறு எழுத வேண்டுமென்றால்: பிரெஞ்சுக்காரர் பிராக்கோனோ 1811இல் முதலில் இந்தப் பொருளைக் கண்டது இறாலில் இல்லை, காளானில். அதைக் காரத்தில் காய்ச்சினால் அமிலத்தில் கரையும் புதுப் பொருளாக மாறுகிறது என்று ரூஜே 1859இல் கண்டார், கைட்டோசான் என்று பேர் வைத்தது ஹோப்பே-சைலர் என்ற ஜெர்மானியர், 1894இல். செல்லுலோசுக்கு அடுத்தபடி இயற்கையில் அதிகம் கிடைக்கும் சர்க்கரைச் சங்கிலி கைட்டின்தான். பூச்சியின் மேல்தோல், நண்டு ஓடு, காளான் எல்லாவற்றிலும் இருக்கிறது.

நாங்கள் லுங்கி நூலுக்குச் சாயம் போடுகிறவர்கள். சாயத் தண்ணீரை இதை வைத்து வெளுக்க முடியுமா? செலவு எவ்வளவு பிடிக்கும்?
– ஒரு வாசகர், குடியாத்தம்

வந்த கடிதங்களிலேயே இறால் ஓடு சரியாகப் பொருந்துகிற கேள்வி உங்களுடையதுதான். பருத்தி நூலுக்கு இன்று பெரும்பாலும் போடுவது ரியாக்டிவ் சாயம். அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலேகூட நூலில் ஏறாமல் தண்ணீரோடு போய்விடும். அந்தச் சாய மூலக்கூறுக்கு எதிர்மின்னூட்டம், ஆகவே கைட்டோசானுக்கு அது விருந்து. ஒரு கிராம் நல்ல கைட்டோசான் சில நூறு மில்லிகிராம் சாயத்தைக்கூடப் பிடிக்கும். எல்லாச் சாயமும் அப்படி இல்லை. பேசிக் சாயம் என்று விற்கிறார்களே, மெத்திலீன் நீலம் போன்றவை, அவற்றுக்கு நேர்மின்னூட்டம். கைட்டோசான் அதைக் கண்டால் தள்ளிவிடும்.

சிக்கல் எங்கே என்றால், உங்கள் சாயத் தொட்டியில் சோடா சாம்பல் போட்டிருப்பீர்கள், தண்ணீர் காரமாக இருக்கும். அப்படியே போட்டால் சரியாகப் பிடிக்காது, அமிலம் விட்டு பிஎச்சை ஐந்து ஆறுக்கு இறக்க வேண்டும். ரொம்ப இறக்கினால் சாதாரணக் கைட்டோசான் தானே கரைந்துபோகும். அதனால்தான் ஆலைகளுக்கென்று செய்யும்போது அதைக் குறுக்குப் பிணைப்பு போட்டுக் கெட்டிப்படுத்தி, ஜவ்வரிசி அளவு மணிகளாக ஆக்கிக் குழாயில் நிரப்புகிறார்கள். மணிகள் நிறைந்ததும் நீர்த்த காஸ்டிக் கரைசல் விட்டுக் கழுவினால் சாயம் கழன்று வரும், மணியைத் திரும்பப் பயன்படுத்தலாம். சில சுற்றுக்கு மேல் பிடிப்பு குறைந்துகொண்டே போகும்.

செலவுக்கு ஒரு தொகை சொன்னால் அது உங்கள் சாயத்துக்கும் தண்ணீருக்கும் பொருந்தாது, ஆனால் படிகாரத்தைவிடக் கைட்டோசான் கிலோ விலை பல மடங்கு என்பதை வைத்துக் கணக்குப் போடுங்கள். படிகாரமோ சுண்ணாம்போ போட்டு முதலில் பெரும்பகுதி நிறத்தை இறக்கிவிட்டு, கடைசியில் மிஞ்சுகிற நிறத்துக்கு மட்டும் இதை வைத்தால் கட்டுப்படியாகும். முழுக்க முழுக்க இதை வைத்தே செய்வேன் என்று கிளம்பினால் லுங்கி விலையில் கைவைக்க வேண்டிவரும். இன்னொன்று. சாயம் ஏற்றுவதற்காக நீங்கள் லிட்டருக்கு முப்பது கிராமிலிருந்து எண்பது கிராம் வரை உப்பு போடுகிறீர்களே, அது அப்படியே தண்ணீரில் நிற்கும். கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிற தண்ணீரை வயலில் விட்டுவிடாதீர்கள், பயிர் கருகும்.

இறால் பொடி அடைத்த ஃபில்டர் என்று ஒருவர் வீடு வீடாக வந்து விற்கிறார். டிடிஎஸ் 1,800 இருந்தாலும் 200க்கு வந்துவிடும் என்கிறார். வாங்கலாமா?
– ஒரு வாசகி, ஆம்பூர்

வாங்காதீர்கள். டிடிஎஸ் என்பது கரைந்த உப்புகளின் மொத்தம். சோடியம், குளோரைடு, கால்சியம், மக்னீசியம் இவற்றைக் கைட்டோசான் ஏறெடுத்தும் பார்க்காது. அவர் உங்கள் முன்னாலேயே மீட்டரை விட்டு 200 காட்டினால், ஊற்றிய தண்ணீர் உங்கள் வீட்டுத் தண்ணீர்தானா என்று பாருங்கள்.

அவ்வளவு நல்ல பொருள் என்றால் நம் டேனரிக்காரர்கள் ஏன் இதைப் பயன்படுத்தவில்லை? பாலாறு பிழைத்துப் போகுமே!
– ஒரு வாசகர், ஆற்காடு

இந்தக் கேள்விக்குத்தான் மற்றதையெல்லாம்விட அதிகம் எழுத வேண்டும், ஏனென்றால் இறால் ஓட்டைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் பாலாற்றுக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள் என்கிற மாதிரி ஒரு குதூகலம் கிளம்புகிறது.

டேனரியில் குரோமியத்தைப் பிடிப்பது அத்தனை பெரிய புதிர் இல்லை. குரோம் போட்ட தொட்டியில் அறுபது எழுபது சதவீதம்தான் தோலில் ஏறும், மீதி அந்தப் பச்சைத் தண்ணீரில் நிற்கும். அதில் மக்னீசியம் ஆக்சைடு போட்டால் குரோமியம் ஹைட்ராக்சைடாகப் படியும், படிந்ததைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் திரும்பத் தோலுக்கே போடலாம். குரோம் ரெகவரி என்று ஷாப்பில் (டேனரியைத்தான் நம் பக்கம் அப்படிச் சொல்வார்கள்) சொல்வது இதைத்தான், ரொம்ப நாளாக நடப்பில் இருக்கிறது. அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தண்ணீரே சேர்க்காமல் குரோம் பதனிடும் முறையைக் கொண்டுவந்திருக்கிறது, அதில் குரோமியம் தண்ணீருக்குப் போவதே குறைவு. லிட்டருக்குக் கிராம் கணக்கில் குரோமியம் இருக்கிற தண்ணீரில் கைட்டோசானை இறக்கினால் அது கண்மூடித் திறப்பதற்குள் நிறைந்துவிடும். அதன் இடம் கடைசிப் படி, மற்ற எல்லா வழியிலும் இறக்கிய பிறகு மிஞ்சுகிற சில மில்லிகிராமுக்கு.

பாலாற்றுக்கரையில் கிணறுகளைக் கெடுத்ததில் பெரும் பங்கு உப்புடையது. பச்சைத்தோல் அழுகாமல் இருக்க அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உப்பு தடவி அனுப்புகிறார்கள். ஷாப்பில் முதல் வேலையே ஊறவைத்து அந்த உப்பைக் கழுவுவது. பல ஆண்டுகளாக அந்த உப்புத் தண்ணீர் எங்கே போனது என்று வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தென்னந்தோப்பு வைத்திருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இறால் ஓடு அந்த உப்பில் ஒரு கல்லைக்கூட எடுக்காது. ஆகையால்தான் பொது சுத்திகரிப்பு நிலையங்களில் எதிர்ச் சவ்வூடு பரவலும் (ஆர்.ஓ.), அதில் ஒதுங்கும் உப்புக் குழம்பைக் காய்ச்சும் இயந்திரங்களும் வைக்க வேண்டியதாயிற்று. காய்ச்சிய பிறகு கிடைக்கும் கலப்பு உப்பை என்ன செய்வது என்பது அடுத்த தலைவலி, ஏனென்றால் அதை யாரும் வாங்குவதில்லை.

வழக்கு வரலாறு உங்களுக்கே தெரிந்திருக்கும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது, சட்டக் கல்லூரிகளில் இன்றும் அது பாடம். அதற்குப் பிறகும் இதே பாலாற்று மாசுக்காக 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. இதற்கு நடுவில் ஒரு பொடியைக் காட்டி எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால், பொடி எந்த அழுக்கைப் பிடிக்கும், பிடித்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள் என்று இரண்டு கேள்வி கேளுங்கள். குரோமியம் ஏறிய கைட்டோசான் ஒன்றும் உரம் இல்லை, அபாயகரமான கழிவு. தண்ணீரிலிருந்து அள்ளி மண்ணில் போட்டால் சிப்காட் மேடு மாதிரி இன்னொரு மேடுதான் மிஞ்சும்.

இதையெல்லாம் சொல்வதால் நான் இறாலுக்கு எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். ஈயம், செம்பு, பாதரசம் போன்ற உலோகங்கள் குறைந்த அளவில் இருக்கிற தண்ணீருக்கு இது அருமையான பொருள். சுற்றிலும் கால்சியம் இருந்தாலும் அதை விட்டுவிட்டு இந்த உலோகத்தைத் தேடிப் பிடிக்கும். நீச்சல்குளத்துத் தண்ணீரைத் தெளிய வைக்கவும், மதுவைத் தெளிய வைக்கவும் இதை வெளிநாடுகளில் பயன்படுத்துகிறார்கள்.

மீன் முள், மீன் செதில் ஃபுளோரைடை எடுக்கும் என்கிறார்களே? எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குப் பல் கறை.
– ஒரு வாசகர், திருப்பத்தூர்

முள்ளுக்கு அந்தக் குணம் உண்டு. எலும்பிலும் மீன் முள்ளிலும் இருப்பது ஹைட்ராக்சிஅப்படைட், ஃபுளோரைடு வந்தால் அதில் உள்ள ஹைட்ராக்சைடை வெளியே தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். நம் பல்லிலும் இது நடக்கும், ஆனால் கறை வருவது பல் உருவாகிற வயதில் அதிக ஃபுளோரைடு எனாமலைச் சரியாக உருவாக விடாமல் செய்வதால். எலும்பைக் காற்றோட்டம் குறைந்த சூளையில் கரியாக்கி அந்தக் கரி வழியாகத் தண்ணீர் விடும் முறை கென்யாவிலும் தான்சானியாவிலும் கிராமங்களில் நடப்பில் இருக்கிறது. சூடு தவறினால் தண்ணீர் நாறும், நிறம் ஏறும், ஆகவே வீட்டடுப்பில் செய்கிற சமாச்சாரம் இல்லை. இறால் ஓட்டுக் கைட்டோசான் தனியாக ஃபுளோரைடுக்குச் சுமார்தான், அலுமினியமோ லாந்தனமோ ஏற்றினால்தான் வேலை செய்யும்.

உங்கள் வீட்டுக்கு: லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அந்தப் போர் தண்ணீரைக் குளிக்க, துவைக்க மட்டும் வைத்துக்கொண்டு, குடிக்கவும் சமைக்கவும் காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் குழாயில் பிடியுங்கள். எட்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள் விஷயத்தில் இதைத் தள்ளிப்போடாதீர்கள், நிலைப்பல் உருவாகிற காலம் அது.

நாங்கள் சுத்த சைவம். கைட்டோசான் போட்டுத் தெளிய வைத்த தண்ணீரைக் குடித்தால் அசைவமா?
– ஒரு வாசகி, வாலாஜாபேட்டை

காளானிலிருந்தும் கைட்டோசான் எடுத்து விற்கிறார்கள், அது உங்களுக்கு ஒத்துவரும். காளானே வீட்டுக்குள் வரக் கூடாது என்பவரானால் படிகாரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சைவமாக இல்லாமல் இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால்: ஒவ்வாமை தருவது இறாலின் புரதம், நன்றாகச் சுத்தம் செய்த கைட்டோசானில் அது மிச்சம் இருக்கக் கூடாது, ஆனாலும் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

மீன் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எறா உரித்துக் கொடுத்தாலே கூடை கூடையாக ஓடு சேருகிறது. கம்பெனிக்கு விற்க முடியுமா?
– ஒரு வாசகர், வேலூர்

அண்ணே, கஷ்டம். இறாலில் தலையும் ஓடுமாகப் பாதிக்குக் கிட்டத்தட்ட கழிவுதான், அதனால் உங்களுக்குக் கூடை கூடையாகத் தெரிகிறது. ஆனால் ஈர ஓட்டில் பெரும்பகுதி தண்ணீர். பத்து கிலோ ஈர ஓட்டில் கைட்டோசான் அரை கிலோகூடத் தேறாது. இந்தியாவிலிருந்து வருஷத்துக்கு ஏழு லட்சம் டன்னுக்கும் மேல் உறைந்த இறால் ஏற்றுமதியாகிறது. ஆந்திராவிலும் கேரளாவிலும் குஜராத்திலும் உரிக்கும் இடத்திலேயே லாரி லாரியாக ஓடு கிடைக்கும்போது கம்பெனிக்காரன் வேலூருக்கு வண்டி அனுப்ப மாட்டான். உரித்து அரை நாள் வெயிலில் கிடந்தால் தரமும் போய்விடும். கொச்சியில் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் கைட்டின், கைட்டோசான் தயாரிப்பு முறையைக் கற்றுத்தருகிறது, ஆனால் அது முதல் போட்டு, அமிலக் கழிவுக்கும் காரக் கழிவுக்கும் தொட்டி கட்டி நடத்துகிற தொழில். அந்தத் தொழிலின் கழிவுநீரையே இன்னொருவர் சுத்தம் செய்ய வேண்டும் என்பதைத்தான் பத்திரிகைகளில் யாரும் எழுதுவதில்லை. அமிலத்துக்குப் பதிலாகத் தயிரில் இருக்கிற வகை நுண்ணுயிரை விட்டுப் புளிக்க வைக்கும் முறையை ஆய்வாளர்கள் முயன்று வருகிறார்கள், அது பெரிய அளவில் வந்தால் கதை மாறலாம்.

உங்களுக்கு நான் சொல்வது வேறு. பக்கத்தில் கத்தரி, தக்காளி, மல்லி போடுகிறவர்கள் யாராவது வாடிக்கையாளராக இருப்பார்கள், அவர்களிடம் சொல்லிவையுங்கள். ஓட்டைச் சாணத்தோடு சேர்த்து மக்க வைத்து மண்ணில் போட்டால், கைட்டினைத் தின்கிற நுண்ணுயிர்கள் பெருகி வேர்முடிச்சு நூற்புழுவின் முட்டையையும் சேர்த்துத் தாக்கும், அந்த முட்டை ஓட்டிலும் கைட்டின்தான் இருக்கிறது. தழைச்சத்தும் சுண்ணாம்பும் கூடுதல் லாபம். உப்பு போட்டு வைத்த ஓட்டைக் கொடுக்காதீர்கள். குழியை ஆழமாகத் தோண்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் தெரு நாய்கள் ராத்திரியே கிளறிவிட்டுப் போகும்.